இரண்டு மில்லியும் முக்கால் பாலாடையும்

2025 மார்ச் 22, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, இராஜபாளையத்தில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில், தீப்பெட்டி அளவுள்ள ஓர் எஞ்சின் எவ்வளவு எரிபொருளை எவ்வளவு நேரத்தில் குடிக்கும் என்று கணக்கிடும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிப்பவள். கல்லூரி அருகில் இருப்பதால் சித்தப்பா வீட்டில் தங்கியிருப்பவள். இயந்திரங்களோடு எனக்கு இருந்த உறவு, மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடிப்பதோடு முடிந்திருந்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சித்தப்பா ஒரே ஒரு காரணம் சொன்னார்.

"கல்யாணப் பத்திரிகையக் கையில குடுத்தா, சாப்பாடு எங்கன்னு பாக்காம கமா எங்கன்னு பாக்குறவ நீ. உனக்குத்தான் இது சரியா வரும்."

அதை நான் மறுக்கவில்லை.

சித்தப்பா இராணுவத்தில் லாரிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் தரையிலேயே கழிந்த வருத்தமோ என்னவோ, ஊர் திரும்பியதும் விமானம் கட்டத் தொடங்கினார். விமானம் என்றால், கைகளை விரித்தால் அடங்கும் நீளத்தில் ஒன்று. உடல் மெல்லிய மரப்பட்டையால் ஆனது. இறக்கைகளின் மேல் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியை இழுத்து ஒட்டி, சோற்றுக் கஞ்சி பூசி விறைப்பாக்கியிருந்தார். மூக்கில் அந்த எஞ்சின். அது பணிக்காலத்தில் உடன் வேலை பார்த்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துச் சென்றது. அதைப்போல் இன்னொன்று இப்போது எங்கும் கிடைக்காது என்று சித்தப்பா சொல்வார். சொல்லும்போது கட்டைவிரலால் அதன் தலையைத் தடவிக் கொடுப்பார்.

இந்த விமானத்தைத் தரையிலிருந்து இயக்க முடியாது. ரிமோட் கிடையாது. வால் சற்றே ஒருபுறம் வளைக்கப்பட்டிருப்பதால், எஞ்சின் ஓடும் வரை அது வட்டமடித்துக்கொண்டே மேலே ஏறும். எரிபொருள் தீர்ந்ததும் எஞ்சின் நின்று, மிதந்து மிதந்து இறங்கும். ஆகவே கையை விட்டுப் போன பிறகு அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. குறைவாக ஊற்றினால் அது வேலியில் விழும்; கூடுதலாக ஊற்றினால் அடுத்த ஊரில் விழும்.

சித்தப்பா இதுவரை எதையும் அளந்ததில்லை; எல்லாம் கண்ணளவுதான். முதல் விமானம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. எஞ்சினைப் பொருத்துமுன் ரப்பர் பட்டையால் பறக்கவிட்டதால் எஞ்சின் மட்டும் தப்பியது. இரண்டாவது விமானம் எஞ்சினோடு சோழபுரத்தில் ஒரு தென்னையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. அதை இறக்க ஆள் தேடி அலைந்த நாள், திருவில்லிபுத்தூரில் சித்தியின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாள். சித்தப்பா போய்ச் சேரும்போது பந்தியில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் எரிபொருளின் விளக்கெண்ணெய், தோளில் ஓர் ஓலைக் கீற்று. நிச்சயதார்த்தப் புகைப்படங்கள் எதிலும் அவர் இல்லை; கடைசி ஒன்றில் மட்டும் பாத்திரங்களுக்குப் பின்னால் ஓர் இறக்கை தெரிகிறது.

சித்தியின் அண்ணனை நான் மாமா என்று அழைப்பேன். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் தொடாமல், விசாரணை நடத்தினார்.

"மாப்ள, எம்மவ நிச்சயத்த விட அந்தக் காத்தாடி உங்களுக்குப் பெருசாப் போச்சு. அப்பிடித்தான?"

"மச்சான், அது தென்னமரத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு. நிச்சயம் எங்கிட்டும் ஓடிப்போகாதுல்ல?"

இந்தப் பதில் நிலைமையை மேம்படுத்தவில்லை. சித்தி எழுந்து நின்றார்.

"அண்ணே, கேட்டுக்க. இன்னும் ஒருதடவ இது சொன்ன எல்லையத் தாண்டிப் போச்சுன்னா, எஞ்சினக் கழட்டி நானே பழைய இரும்புக்கடையில போட்டுட்டு வாரேன். இது சத்தியம்."

மாமா அதை உடனே சட்டமாக்கினார். "ஞாயித்துக்கிழம எங்க ஊர் கண்மாய்க்குக் கொண்டாங்க மாப்ள. கரைக்குள்ள எறங்குனா எஞ்சின் உங்களுக்கு. கரையத் தாண்டுனா இரும்புக்கடைக்கு. சம்மதமா?"

சித்தப்பா சம்மதித்தார். சம்மதித்த பிறகுதான், கண்ணளவு போதாது என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறுதான் சனிக்கிழமை மாலை நான் மாடிக்கு அழைக்கப்பட்டேன்.

எஞ்சினை ஒரு பலகையில் திருகி, பலகையைத் துவைகல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தார். எரிபொருள் ஒரு வெள்ளைக் கேனில் இருந்தது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்தது. சிரிஞ்சில் உறிஞ்சி, எஞ்சினின் பின்னால் ஒட்டியிருந்த சிறிய பித்தளைத் தொட்டிக்குள் செலுத்த வேண்டும். தொட்டி எட்டு மில்லி கொள்ளும். எவ்வளவு இருக்கிறதென்று உள்ளே பார்க்க வழியில்லை. நான் மூன்று மில்லி ஊற்றினேன். சித்தப்பா எஞ்சினின் முன்னால் இருந்த விசிறியை விரலால் சுண்டினார். எஞ்சின் உயிர் பெற்றது. கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன்.

அந்தச் சத்தத்துக்கு உவமை தேடிக் களைத்துவிட்டேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தெலுங்கு பேசும் அக்கா, எட்டிப் பார்த்துக் கேட்டதே போதுமானது.

"ஏமண்டி, மிக்ஸி கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா, விமானம்" என்றேன்.

அவர் காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்துக்கொண்டு கீழே போனார். காரணம் விரைவில் எனக்கும் தெரிந்தது: புகையில் விளக்கெண்ணெய் வாசம். எங்கள் கொடியில் சித்தியின் சேலைகள் இருந்தன.

முதல் இரண்டு ஓட்டங்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஓர் ஊசித் திருகு உண்டு. அதை எவ்வளவு திறந்திருக்கிறோமோ அதற்கேற்பக் குடிக்கும். சித்தப்பா ஒவ்வொரு முறையும் பழக்கதோஷத்தில் அதைக் கொஞ்சம் திருகிக்கொண்டே இருந்தார். நான் கீழே போய் என் நகப்பூச்சை எடுத்து வந்து, திருகு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அதற்குப் பிறகு எஞ்சின் ஒழுங்குக்கு வந்தது; சித்தப்பாவும் வந்தார். மேலும் நான்கு முறை ஓட்டினோம். ஆகாயத்தில் விசிறி இலேசாகச் சுற்றும், ஆகவே சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்று சித்தப்பா சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். முடிவு தெளிவாக இருந்தது: இரண்டு மில்லி ஊற்றினால் ஒரு நிமிடம் ஓடும். ஒரு நிமிடம் ஏறினால், இறங்குவதற்குக் கண்மாய்க்குள்ளேயே இடம் போதும்.

இன்னொன்றையும் கவனித்தேன். தீரப்போகும் தறுவாயில் சத்தத்தின் சுருதி சட்டென்று மேலேறும். அதற்குப் பிறகே நிற்கும். பக்கத்து வீட்டு வெள்ளை நாய் ஒவ்வொரு முறையும் சரியாக அந்தச் சுருதிக்குத்தான் ஊளையிட்டது. அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதன் செவிநுட்பத்தை நான் மதிக்கிறேன்.

இரவு உணவின்போது முடிவை அறிவித்தேன். சித்தி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"எம்புட்டு?"

"இரண்டு மில்லி, சித்தி."

"ஏட்டி, என் கண்ணுல விடுற சொட்டு மருந்தே அதுக்குமேல போகும். அம்புட்டயும் வச்சு அது எங்கிட்டுப் பறக்க?"

சொல்லிக்கொண்டே என் தட்டில், நான் போதும் என்ற பிறகு, இன்னும் ஒரு கரண்டி வைத்தார். அந்த வீட்டில் அது வழக்கம். அரிசியை உழக்கால் அளந்த பிறகு ஒரு கை கூடப் போடுவார்கள். தேநீருக்கு ஆளெண்ணி நீர் வைத்த பிறகு அரை டம்ளர் கூட ஊற்றுவார்கள். யாராவது வரலாம் என்பது காரணம். யாரும் வராத நாட்களில் அதை நான்தான் குடிப்பேன். அன்றிரவு இதைப் பற்றி நான் சிந்தித்திருக்க வேண்டும். ஆனால் நான் தசம புள்ளிகளில் ஆழ்ந்திருந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேருந்தில் புறப்பட்டோம். சித்தப்பா உடற்பகுதியை மடியில் வைத்திருந்தார். நான் கழற்றிய இறக்கையை நெட்டுக்கு நிறுத்திப் பிடித்திருந்தேன். சித்தி சாப்பாட்டுப் பையோடு எங்களைத் தெரியாதவர்போல் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். நடத்துநர் என் முன்னால் நின்று இறக்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னதுங்க இது?"

"விமானம்" என்றார் சித்தப்பா, கொஞ்சம் நிமிர்ந்து.

"விமானம் வச்சிருக்கவிய, பொறவு எதுக்கு பஸ்ல வாரிய?"

பேருந்து முழுவதும் சிரித்தது. மூன்று வரிசை தள்ளி சித்தியின் முதுகும் குலுங்கியது.

கண்மாய் வறண்டு, நடுவில் மட்டும் குட்டைபோல் கொஞ்சம் நீர் கிடந்தது. கரையின் மேல் மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் அமர்ந்திருந்தார். சித்தப்பா இறக்கையைப் பொருத்தி முடிக்கும்வரை பேசாமல் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வந்த கொக்கு மாதிரி இருக்கு?"

"பறக்கும்போது பாருங்க மச்சான்."

"கட்ட அவுத்துட்டா பறக்கும்?"

நான் சிரிஞ்சில் இரண்டு மில்லி எடுத்தேன். குமிழி இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொட்டிக்குள் செலுத்தினேன். திருகின் சிவப்புக் கோட்டைச் சரிபார்த்தேன். பிறகு, விமானம் இறங்க வேண்டிய இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை அகற்றும்படி கேட்பதற்காக, ஆட்டுக்காரரிடம் நடந்து போனேன்.

"எம்புட்டு நேரத்துக்கு?" என்று அவர் கேட்டார்.

"ஒரு நிமிடம் ஏறும். அதற்குப் பிறகு இறங்க இரண்டு நிமிடம்."

"மூணு நிமிசத்துக்கா இம்புட்டு ஆட்டையும் பத்தச் சொல்லுதிய? அதுக விமானத்தப் பாத்துட்டுப் போகட்டும்மா. அதுகளுக்கு வேற என்ன இருக்கு?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒருவாறு ஆடுகள் ஓரத்துக்குச் சென்றன, நான் திரும்பினேன். எல்லோரும் எஞ்சினை விட்டு விலகி, மிகவும் நல்லவர்களாக நின்றிருந்தார்கள். நான் அதைக் கவனித்தேன்; பொருள் கொள்ளத் தெரியவில்லை.

"ஜெபம் பண்ணிட்டு விடுவோம்" என்றார் சித்தி. கண்களை மூடினோம். சித்தி இரு தரப்புக்கும் பொதுவாக ஜெபித்தார்: "அன்பின் ஆண்டவரே, மேலே ஏறுகிற இந்தப் பொருளை உமது சித்தத்தின்படி கரைக்குள்ளே இறக்கியருளும், உமக்குச் சித்தமில்லையானால், இரும்புக்கடைக்காரரையும் ஆசீர்வதியும்." சித்தப்பாவின் ஆமென் சற்றுத் தாமதமாக வந்தது. மாமாவின் ஆமென் வேறு திசையிலிருந்து வந்தது.

சித்தப்பா விசிறியைச் சுண்டினார். எஞ்சின் அலறியது. விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி, நான்கு அடி ஓடி, விட்டார்.

அது அழகாகப் பறந்தது என்பதைப் பதிவுசெய்ய வேண்டியது என் கடமை. கஞ்சி போட்ட இறக்கைகளில் வெயில் பட்டு, வெளிச்சமான வட்டங்களாக ஏறியது. மாமா தன்னை அறியாமல் எழுந்து நின்றார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, ஐம்பது விநாடி ஆனதும் கையை உயர்த்தினேன். இனிச் சுருதி மேலேறும், எஞ்சின் நிற்கும்.

ஒரு நிமிடம் ஆயிற்று. சுருதி ஏறவில்லை. உயர்த்திய கையை இறக்கினால் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அப்படியே வைத்திருந்தேன். ஒன்றரை நிமிடம். விமானம் பருந்தளவானது. இரண்டு நிமிடம். சிட்டுக்குருவி. ஒவ்வொரு வட்டமும் கரையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.

"ஏட்டி, கையத் தூக்குனா நின்னுரும்னு சொன்ன?" என்றார் சித்தப்பா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிற்க வேண்டும்" என்றேன்.

"வேண்டும்னா? கணக்கு என்னட்டி ஆச்சு?"

மூன்று நிமிடம் கடந்தபோது அது கொசுவாகியிருந்தது. பிறகு சத்தம் மட்டும் இருந்தது. கடைசியில், நான்கு நிமிடம் ஆனபோது, மிகத் தொலைவில், கரைக்கு அப்பாலிருந்து அந்தச் சுருதி ஏற்றம் ஒரு நூல்போலக் கேட்டது. அதன் பின் ஒன்றுமில்லை. சித்தப்பா கண்மாய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி அந்த எஞ்சினை அவர் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் இரும்புக்கடைத் தராசில்தான். அவருடைய கட்டைவிரல் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. என் கணக்கால் அல்லவா?

ஆனால் என் கணக்கு தவறாது. இரண்டு மில்லி நான்கு நிமிடம் ஓடாது. நான்கு நிமிடம் ஓட வேண்டுமென்றால் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் என் பேச்சு அச்சிட்டதுபோல் ஆகிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஆடுகளிடம் சென்றிருந்த வேளையில், தொட்டிக்குள் வேறு எவரேனும் எதையேனும் ஊற்றினீர்களா?"

முதலில் சித்தப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரே ஒரு பீச்சு. கேன்ல இருந்து. பனை உசரத்துல நின்னுட்டா மச்சான் முன்னாடி அசிங்கமால்ல போயிரும்னு..."

"சித்தி?"

சித்தி சாப்பாட்டுப் பையைத் திறந்து, ஒரு பாலாடையை வெளியே எடுத்தார்; கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் அதே மூக்கு வைத்த கிண்ணம். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

"முக்கால் பாலாடதான் ஊத்துனேன். ஊசியில குடுக்குறது சீக்காளிக்கில்ல? அம்புட்டு ஒசரம் போறது, பசியோட போகவா?"

"ஏ புள்ள, எல்லை தாண்டுனா இரும்புக்கடைன்னு சொன்னதே நீதான!" என்று மாமா அதட்டினார், காவல்துறைக் குரலில்.

சித்தி அண்ணனின் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். முழங்காலிலிருந்து கீழ்வரை, வெள்ளை வேட்டியில், எண்ணெய்க் கறை நீளமாக இறங்கியிருந்தது. விளக்கெண்ணெய் வாசம் காற்றில் வந்தது.

"அண்ணே, ஜெபத்துல கண்ணத் தொறந்தியா?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியவர், தன்னுடையதைச் சுருக்கமாகக் கொடுத்தார்.

"எங்க ஊருக்கு வந்த பொருளு. ரெண்டு சொட்டு ஊத்தி அனுப்பிட்டாவன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதுல்ல? ஊத்துனேன். கேன் சரிஞ்சிட்டு."

எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிட்டோம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலமாதலால் கறியில்லை. சித்தி எல்லோருக்கும் கேட்காமலேயே இரண்டாம் முறை வைத்தார். அப்போது சித்தப்பாவின் கைப்பேசி ஒலித்தது. தென்னை மரத்து அனுபவத்துக்குப் பிறகு, தன் எண்ணை இறக்கையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, சுந்தரபாண்டியம் ரோட்டுல இருந்து பேசுதேன். பால் எடுக்க வந்தேன். இங்க ஒரு கொக்கு விழுந்து கெடக்கு. ஒடம்பெல்லாம் கட்டுப் போட்டிருக்கு. உங்க நம்பர் எழுதியிருக்கு. எந்த ஆஸ்பத்திரி?"

மாமா நாற்காலியிலிருந்து சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்தன.

அரை மணி நேரத்தில் அவரே பால் கேன்களின் மேல் விமானத்தைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஓர் இறக்கையில் துணி கிழிந்திருந்தது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. சித்தப்பா அதைக் கையில் வாங்கி, சட்டையாலேயே துடைத்தார். கிளம்பும்போது பால்காரர் ஒரு தகவல் சொன்னார்.

"டேங்கு காலியாக் கெடந்துச்சு அண்ணாச்சி. வண்டியில இருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி வச்சிருக்கேன். திரும்பிப் போகணும்ல?"

அந்த எஞ்சின் பெட்ரோலில் ஓடாது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான் கண்களை மூடிக்கொண்டேன். இம்முறை ஜெபத்துக்காக அல்ல.

தீர்ப்புக்காக எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். சித்தப்பா எஞ்சினை மார்போடு அணைத்திருந்தார். மாமா வேட்டிக் கறையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்ல தாண்டுச்சு, வாஸ்தவம். ஆனா சத்தியம் பண்ணவளும் ஊத்தியிருக்கா, சட்டம் போட்ட நானும் ஊத்தியிருக்கேன். கேஸ் நிக்காது மாப்ள. எஞ்சின வச்சிக்கோங்க. அடுத்த ஞாயித்துக்கிழம திரும்பக் கொண்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "கணக்க மட்டும் இந்தப் புள்ள சரியாப் போட்டுட்டு வரட்டும்."

மறுநாள் காலை, கல்லூரிக்குக் கிளம்புமுன், தொட்டியிலிருந்த பெட்ரோலைக் கொட்டிக் கழுவினேன். சித்தப்பாவைக் கேனில் தண்ணீர் பிடித்து, அதேபோல் ஒரு பீச்சு பீச்சச் சொல்லி அளந்தேன்: இரண்டு மில்லி. சித்தியை முக்கால் பாலாடை ஊற்றச் சொல்லி அளந்தேன்: ஐந்து மில்லி. (அந்தப் பாலாடையை இனிக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று தனியே எடுத்து வைத்தேன்.) மாமாவைத் தொலைபேசியில் கேட்டேன், "வழியிற வரைக்கும்" என்றார். என்னுடையது இரண்டு, அவர்களுடையது ஏழு. தொட்டி கொள்வதோ எட்டு. ஆகவே மாமா ஊற்றியது முழுவதும் வேட்டிக்கே சேர்ந்தது. அவரை நிரபராதி என்றே கருத வேண்டும். எஞ்சினுக்குத் தேவை இரண்டு. நான் ஒரு சொட்டும் ஊற்றாவிட்டாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் குறைந்தது ஏழு இருக்கும்.

சிரிஞ்சைக் கழுவித் துடைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் "எடுப்பதற்கு மட்டும்" என்று எழுதி, அதன் மேல் ஒட்டினேன்.